'கரண்ட் கட்' என்று நாங்கள் வைத்த பெயர்

தரம் நான்கில் எங்கட வகுப்பில ஒரு பெடியன் இருந்தான். அவனுக்கு நாங்கள் வைத்த பட்டம் 'கரண்ட் கட்'. கதைத்துக்கொண்டு இருப்பான், திடீரென்று நடுவில் நின்றுவிடுவான். கண் திறந்தபடியே இருக்கும், ஆனால் எங்களைப் பார்க்காது. இமை இரண்டு மூன்று தரம் துடிக்கும். பத்து செக்கன் போயிருக்கும். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து கதைப்பான். "கரண்ட் வந்திட்டுதடா" என்று நாங்கள் கத்துவோம். அவனும் சேர்ந்து சிரிப்பான். நாங்கள் எதுக்குச் சிரிக்கிறோம் என்று அவனுக்கு விளங்கியே இருக்காது என்பது எங்களுக்கு இப்பதான் விளங்குது.

சொல்வதெழுதல் பாடம் நல்லா ஞாபகம் இருக்கு. ரீச்சர் பத்துச் சொல் சொல்லுவா. அவன்ட கொப்பியில ஆறாவது சொல்லுக்கு அடுத்ததாக ஒன்பதாவது சொல் இருக்கும். எழுதின எட்டும் சரி. "நடுவில ரெண்டும் எங்கயடா?" என்று கேட்டால், "நீங்கள் சொல்லேல்ல ரீச்சர்" என்பான். அதுக்கு அடி விழும், பொய் சொன்னதுக்காக. வாங்கில ஏற்றி நிற்க வைத்த நாட்களும் உண்டு. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை ரீச்சர் அந்த இரண்டு சொல்லையும் சொல்லவே இல்லை.

தரம் ஏழில்தான் தெரியவந்தது. ஒரு விசேசத்துக்கு வந்த சித்திமுறையான ஒருவர், அவர் தாதி, சாப்பாட்டு மேசையில் அவன் அப்படி நின்றதைக் கண்டிருக்கிறார். கிளினிக்கில் டொக்டர் ஒரு கடதாசித் துண்டைக் கொடுத்து, விடாமல் ஊதிக்கொண்டே இருக்கச் சொன்னாராம். இரண்டு நிமிசம் போக ஊதல் நின்று கண் வெறித்துப் போனதாம். மூளையின் மின் அலைகளைப் பதிகிற ஈஈஜி எடுத்தார்கள். வலிப்பு நோய், அதில் 'அப்சென்ஸ்' என்கிற வகை.

எங்கட சனத்துக்கு வலிப்பு என்றால் விழவேண்டும், கைகால் இழுக்கவேண்டும், வாயில் நுரை வரவேண்டும். பக்கத்தில் நிற்கிற ஆள் திறப்புக் கோர்வையைத் தேடி ஓடவேண்டும். (திறப்பைக் கையில் வைப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிசத்தில் தானாகவே நிற்கும். ஆளை ஒருபக்கமாகச் சரித்துவிட்டு, வாய்க்குள் எதையும் வைக்காமல், நேரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதுதான் எங்கட வேலை. ஐந்து நிமிசம் தாண்டினால் ஆஸ்பத்திரி.) விழாமல், சத்தமில்லாமல், கதிரையில் இருந்தபடியே வருகிற வலிப்பைப் பற்றி எங்கட வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. ரீச்சருக்கும் தெரியாது.

மருந்து தொடங்கிச் சில மாதத்தில் அந்த வெறித்த பார்வை நின்றுவிட்டது. எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் மார்க்ஸ் மட்டும் ஏறவில்லை. அப்ப சொன்ன கதை இதுதான்: "முந்தித்தான் வருத்தம். இப்ப என்ன? பஞ்சி." நாங்களும் அதைத்தான் சொன்னோம். ஓஎல்லில் கணிதம் விட்டுப்போனது. பிறகு அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. நாங்கள் ஏஎல் எடுத்து, கம்பஸ் வந்து, கலைப்பீடத்தில் இருந்து இதை எழுதுகிறோம்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். வலிப்பு நின்றதும் பிள்ளைக்கு எல்லாம் சரி என்று நினைப்பது பிழை. அந்தப் பிழையை ஆராய்ச்சி எப்பவோ எடுத்துக் காட்டிவிட்டது. கிளினிக்கிலிருந்து வகுப்பறைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அப்சென்ஸ் வகை வலிப்பு ஒரு நாளில் பல பத்துத் தடவை வரலாம். ஐம்பது தடவை, ஒவ்வொன்றும் பத்து செக்கன் என்று எடுத்தால் 500 செக்கன், கிட்டத்தட்ட எட்டு நிமிசம். ஒரு நாளில் எட்டு நிமிசம் ஒரு பெரிய இழப்பா என்று கேட்கலாம். நாங்கள் ஒவ்வொருவரும் பாட நேரத்தில் அதைவிடக் கூடக் கனவு கண்டிருக்கிறோம். ஆனால் நாங்கள் எப்போது கனவு காண்கிறோம் என்பது ஓரளவு எங்கட கையில். அவனுக்கு அப்படி இல்லை. பின்னக் கணக்கில் 'பகுதியைச் சமப்படுத்து' என்கிற அந்த ஒரு வரியில் பத்து செக்கன் போனால், அதற்குப் பிறகு வருகிற அரை மணித்தியாலமும் அவனுக்கு வெறும் சத்தம். அதைவிடக் கஷ்டமான விசயம், தான் ஒன்றைத் தவறவிட்டேன் என்பதே அவனுக்குத் தெரியாது. தெரிந்தால்தானே பக்கத்தில் இருப்பவனைக் கேட்கலாம்.

ஆனாலும் இந்தக் கணக்கு பாதிக் கதைதான். மற்றப் பாதியை அமெரிக்காவில் செய்த ஒரு பெரிய மருந்துப் பரிசோதனை காட்டியது. இந்த வகை வலிப்பு உள்ள 453 பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து, எத்தோசக்சிமைட், வல்புரோயேற், லமோட்ரிஜின் என்று மூன்று மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வந்தது. வலிப்பை அடக்குவதில் முதல் இரண்டும் கிட்டத்தட்டச் சமம், மூன்றாவது பின்தங்கியது. அந்த இரண்டில் எது நல்லது என்பதை வலிப்பின் எண்ணிக்கை தீர்மானிக்கவில்லை. கவனம்தான் தீர்மானித்தது. கவனக் குறைபாடு வல்புரோயேற் எடுத்த பிள்ளைகளில் 49 வீதம், எத்தோசக்சிமைட் எடுத்தவர்களில் 33 வீதம். ஆக, வலிப்பை ஒரே அளவில் நிறுத்துகிற இரண்டு மருந்துகள் வகுப்பறையில் ஒரே மாதிரி இல்லை. "வலிப்பு நிண்டுட்டுதா?" என்று மட்டும் கேட்கிற கிளினிக்குக்கு இந்த வித்தியாசம் தெரியவராது.

அதே பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தவர்கள் 2013இல் இன்னொன்றைச் சொன்னார்கள். மருந்து தொடங்க முதலே 36 வீதமான பிள்ளைகளுக்குக் கவனக் குறைபாடு இருந்தது. மற்ற அறிவுத் திறன்கள் நன்றாக இருந்த பிள்ளைகள் அவர்கள். வலிப்பு முழுதாக நின்ற பிறகும் அந்தக் குறைபாடு போகவில்லை. இதை வாசித்த அன்றைக்கு எங்களுக்கு அந்தப் 'பஞ்சி' என்கிற சொல்தான் ஞாபகம் வந்தது.

இது ஒரு வகை வலிப்புக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. இங்கிலாந்தின் தெற்கில் சசெக்ஸ் பகுதிப் பாடசாலைகளில் வலிப்பு தொடர்ந்து இருக்கிற 5 முதல் 15 வயது வரையான 85 பிள்ளைகளை விரிவாகச் சோதித்தார்கள். 2014இல் வெளியான முடிவின்படி, அவர்களில் 80 வீதமானோருக்கு அறிவாற்றலிலோ நடத்தையிலோ ஏதாவது ஒரு சிக்கல் இருந்தது. அப்படிச் சிக்கல் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் அது முன்பே கண்டறியப்பட்டிருந்தது. மிச்சப் பிள்ளைகள் வலிப்புக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு, படிப்புச் சிக்கலைப் பெயரில்லாமல் சுமந்தார்கள். வசதியும் ஒழுங்கான சுகாதார சேவையும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

இந்த 80 வீதத்தை வாசித்துவிட்டு "வலிப்பு வந்தால் பிள்ளை படிக்காது" என்று யாரும் சொல்லக்கூடாது. அந்த ஆய்வு எடுத்தது வலிப்பு அடங்காத, அல்லது மருந்தில் இருக்கிற பிள்ளைகளை. வலிப்பு நோயோடு மிக நன்றாகப் படித்து வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். ஒழுங்காகக் கண்டறிந்து மருந்து எடுத்தால் 70 வீதம் வரையானவர்கள் வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாங்கள் சொல்வது, சிக்கல் இருக்கக்கூடும் என்று தெரிந்துகொண்டு நேரத்தோடு பார்க்கவேண்டும் என்பதை.

நேரத்தோடு என்பதற்கும் ஆதாரம் இருக்கு. புதிதாக வலிப்புக் கண்ட, சாதாரண அறிவுத் திறன் உள்ள பாடசாலைப் பிள்ளைகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வந்தது. ஒரே ஒரு தடவை மட்டும் வலிப்பு வந்த பிள்ளைகளிலும் 27 வீதமானோருக்குக் கவனம், நினைவு, வேகம் போன்றவற்றில் குறை தெரிந்தது. மேலதிக ஆபத்துக் காரணிகள் உள்ளவர்களில் அது 40 வீதம் வரை போனது. ஆனால் வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகிய பாட அடைவுகள் அந்தக் கட்டத்தில் இன்னும் விழவில்லை. குறை தொடங்கிவிட்டது, மார்க்ஸ் இன்னும் இறங்கவில்லை. அந்த இடைவெளிக்குள் கைகொடுத்தால் பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றலாம் என்று அந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். நாங்கள் என்ன செய்கிறோம்? மார்க்ஸ் விழும்வரை இருக்கிறோம். விழுந்த பிறகு ரியூசனுக்கு அனுப்புகிறோம்.

இதில் சொற்களுக்கும் பங்கு உண்டு. கலைப்பீடத்துக்காரர் என்பதால் எங்களுக்கு இது உறுத்துகிறது. பிள்ளைப் பருவத்தில் வந்து, பதின்ம வயதில் தானாகவே போய்விடுகிற வலிப்பு வகைகள் உண்டு. ரொலாண்டிக் வலிப்பு அதில் ஒன்று, பெரும்பாலும் நித்திரையில் வரும். இதை மருத்துவ உலகம் நீண்டகாலம் 'தீங்கற்ற' வலிப்பு என்று அழைத்தது. அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு வாசிப்பிலும் மொழியிலும் தடங்கல் இருப்பது தெரியத் தெரிய அந்தச் சொல் பொருந்தாமல் போனது. வலிப்பு நோய்க்கு எதிரான சர்வதேச அமைப்பு 2017இல் வெளியிட்ட புதிய வகைப்பாட்டில் 'தீங்கற்ற' என்ற சொல்லைக் கைவிட்டு, 'தானாக அடங்குகிற' என்ற பொருளில் சொல்லை மாற்றச் சொன்னது. ஒரு நோய் போய்விடும் என்பதும், அது இருந்த காலத்தில் ஒன்றும் செய்யவில்லை என்பதும் வேறு வேறு. மருத்துவர்கள் தங்கட சொல்லைத் திருத்திக்கொண்டார்கள். நாங்கள் இன்னும் 'காக்கா வலிப்பு' என்றுதான் சொல்லித் திரிகிறோம். மலாய் மொழியில் இதைப் 'பன்றிப் பைத்தியம்' என்ற பொருளில் அழைத்துவந்து, பிறகு மாற்றிக்கொண்டார்கள். கொரியாவிலும் பெயரை மாற்றினார்கள். பெயரை மாற்றினால் நோய் மாறாது, உண்மைதான். ஆனால் பெயருக்குப் பயந்துதான் அம்மாமார் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லாமல் மறைக்கிறார்கள். "பெம்பிளைப் பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேசேக்க கதை வரும்" என்கிற பயத்தில், கிளினிக் கொப்பி அலுமாரியில் உடுப்புக்கு அடியில் கிடக்கும். சொல்லாததால் ரீச்சருக்குத் தெரியாது. தெரியாததால் அடி விழும்.

இந்த இடத்தில் ஆசிரியர்கள் கோபிப்பார்கள் என்று தெரியும். "நாற்பது பிள்ளையள், நாற்பது நிமிசம், பாடத்திட்டம் முடிக்கவேணும், இதுக்குள்ள டொக்டர் வேலையும் நாங்களோ?" நியாயமான கேள்வி. எங்களில் பாதிப் பேர் நாளைக்கு அதே கரும்பலகைக்கு முன்னால்தான் நிற்கப்போகிறோம், ஆகவே அந்தக் கேள்வி எங்கட கேள்வியும்தான். நோயைக் கண்டறிவது ஆசிரியரின் வேலை இல்லை. ஆனால் ஒரு பிள்ளையை ஒரு நாளில் ஐந்து ஆறு மணித்தியாலம் தொடர்ந்து பார்க்கிற ஆள் ஆசிரியர்தான். டொக்டர் பார்ப்பது மாதத்தில் பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசத்துக்கு ஆசிரியரின் ஒரு சின்னக் குறிப்பு பெரிய உதவி. கனவு காண்கிற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், தோளில் தொட்டால் திரும்பும். அப்சென்ஸ் வந்த பிள்ளை பொதுவாக அப்படித் திரும்பாது. கதைக்கிற வசனத்தின் நடுவில், எழுதுகிற சொல்லின் நடுவில் நிற்கும். இமை துடிக்கலாம். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். இவ்வளவையும் சொல்லிக்கொடுக்க அரை நாள் போதும். திகதி, நேரம், என்ன கண்டோம் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அம்மாவிடம் கொடுக்க ஒரு நிமிசம் போதும். எங்கட நண்பனுக்கு மூன்று வருசம் முந்தியே அந்தத் துண்டுக் கடதாசி கிடைத்திருக்கலாம்.

இரண்டாவது, வலிப்பு என்று கண்டுபிடித்த உடனேயே படிப்பையும் சோதிக்கவேண்டும். மருந்து தொடங்க முன் ஒருதரம், தொடங்கிச் சில மாதத்துக்குப் பிறகு ஒருதரம். அப்பதான் சிக்கல் நோயால் வந்ததா, மருந்தால் வந்ததா என்று பிரித்துப் பார்க்கலாம். பெற்றோர் சம்மதித்தால் கிளினிக்கிலிருந்து பாடசாலைக்கு ஒரு பக்கக் கடிதம் போகலாம். பிள்ளையை முன் வாங்கில் இருத்துங்கள், சொன்னதை இன்னொருதரம் சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள், பரீட்சையில் மேலதிக நேரம் கொடுங்கள் என்று. இதில் எதுக்கும் பெரிய காசு தேவையில்லை. பெற்றோருக்கும் ஒன்று சொல்லவேணும். மார்க்ஸ் ஏறவில்லை, பிள்ளை தூங்கி வழியுது என்று மருந்தை நீங்களாக நிறுத்தவேண்டாம். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கவனம் குறைந்ததை டொக்டரிடம் சொல்லுங்கள். சொல்லவேண்டிய விசயம்தான் அது.

மூன்றாவதுதான் எங்களைச் சுடுகிற விசயம். மேலே சொன்ன எண்கள் எல்லாம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்து வந்தவை. இங்கே ஆராய்ச்சி செய்ய ஏலாது என்பதில்லை. குழந்தைகளுக்கு வருகிற, வளர்ச்சியையே முடக்கக்கூடிய 'வெஸ்ட் சின்ட்ரோம்' என்ற கடுமையான வலிப்புக்கு, கொழும்பில் பேராசிரியர் ஜித்தங்கி வனிகசிங்க குழுவினர் 97 குழந்தைகளில் ஒரு பரிசோதனை செய்து 2015இல் வெளியிட்டார்கள். ஊசியாகப் போடுகிற ஹோர்மோன் மருந்தையும் வாயால் கொடுக்கிற பிரெட்னிசலோனையும் ஒப்பிட்டார்கள். உடனடியாக வலிப்பை அடக்குவதில் வாயால் கொடுத்த, எங்கும் கிடைக்கிற அந்த மருந்தே நன்றாக வேலை செய்தது. எங்கட நாட்டுக்குத் தேவையான கேள்வியை எங்கட நாட்டிலேயே கேட்டு விடை கண்ட ஆராய்ச்சி அது.

ஆனால் அது மருத்துவ பீடத்தின் பக்கம். வகுப்பறைக் கேள்விகள் எங்கட பக்கம் கிடக்கின்றன. ஒரு உதாரணம். பிள்ளையின் நினைவைச் சோதிக்க எண்களை வரிசையாகச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைப்பார்கள். 1980இல் வேல்சில் ஒரு ஆய்வு செய்தார்கள். இரண்டு மொழியும் தெரிந்தவர்களே, ஆங்கிலத்தைவிட வேல்ஸ் மொழியில் குறைவான எண்களைத்தான் நினைவில் வைத்தார்கள். வேல்ஸ் மொழியில் எண்ணுப் பெயர்களைச் சொல்லக் கூட நேரம் எடுப்பதுதான் காரணம் என்று காட்டினார்கள். இப்ப எங்கட எண்களைச் சொல்லிப் பாருங்கள். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு. எல்லாம் ஈரசை. ஆங்கிலத்தில் ஒன்று தொடங்கிப் பத்து வரை ஏழைத் தவிர எல்லாம் ஓரசை. அப்படியென்றால் ஆங்கிலப் பிள்ளைகளுக்கென்று வகுத்த அளவுகோலை வைத்து, மன்னாரிலோ மட்டக்களப்பிலோ இருக்கிற ஒரு பிள்ளைக்கு 'நினைவு குறைவு' என்று எப்படிச் சொல்வது? குறைவு இல்லாத பிள்ளைக்கு முத்திரை விழலாம். குறைவு உள்ள பிள்ளை தப்பிப் போகலாம். எங்கட பேச்சுத் தமிழில், எங்கட பிள்ளைகளிடம் வைத்துப் பார்த்துச் சரிசெய்த வாசிப்புச் சோதனையும் நினைவுச் சோதனையும் வேண்டும். அது மொழியியல், உளவியல், கல்வியியல் படிக்கிற ஆட்களின் வேலை. ஒவ்வொரு வருசமும் இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலைகிறோம். 'சமூக ஊடகமும் இளைஞர்களும்' என்று நூறாவது தரமும் எழுதப் போகிறோம். ஒரு வலயத்தில் பத்துப் பாடசாலை ஆசிரியர்களிடம் போய், அப்சென்ஸ் வலிப்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டு எழுதினாலே அது பிரயோசனமான ஒரு ஆய்வு.

இலவசக் கல்வி என்று பெருமையாகச் சொல்கிறோம். 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று சட்டமும் இருக்கு. அவன் 16 வயது வரை வாங்கில் இருந்தான். வரவு இடாப்பில் அவன்ட பேருக்கு நேரே அடையாளம் விழுந்துகொண்டே இருந்தது. பாடம் பாதிதான் போய்ச் சேர்ந்தது. அதை யாரும் இடாப்பில் பதியவில்லை.

இதை எழுத முதல் எங்கட பள்ளிக்கூட வட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்த்தோம். அவனும் அதில் இருக்கிறான். பெருநாளுக்கு வாழ்த்துப் போடுவான், யாருக்கும் பிறந்தநாள் என்றால் முதல் ஆளாகக் கேக் படம் அனுப்புவான். எங்களில் இரண்டு பேரின் போனில் அவன்ட நம்பர் இன்னும் 'கரண்ட் கட்' என்றுதான் கிடந்தது. பெயரை மாற்றிவிட்டோம். சொல்வதெழுதலில் அவன் பொய் சொல்லவில்லை என்பது எங்களுக்கு இப்ப தெரியும் என்று அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அனுப்பித்தான் சொல்லப் போகிறோம்.